பொட்டு வாங்கிய மிஷின்

வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்று சட்டம் இருந்திருக்கலாம். போன வாரம் உமாதேவி குடிக்கவில்லை.

குடும்பத்தின் தீப்பெட்டிக் கம்பெனி இனிமேல் குறைந்த வரிக் கணக்குக்கு மாறுகிறது, இந்த வருஷம் நல்ல தொகை மிச்சம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் வாசலைத் தாண்டியிருக்காது. அதற்குள் இவள் பெட்டி அடைக்கும் ஷெட்டுக்குப் போய், "இந்த மிச்சம் உங்களுக்குத்தான். ஆயுத பூஜை அன்னைக்குக் கூலியைக் கூட்டிச் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டாள். சப்பணம் போட்டு உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அங்கே நெடுநாளாகப் பெட்டி அடைக்கும் தங்கமாரியின் மகள் யோகலட்சுமி ஒரு படி மேலே போனாள். நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் அவளை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலையே அவனுக்குப் போன் போட்டு, "நான் வரலைண்ணே, எங்க ஆபீஸ்லயே கூட்டித் தாராவ" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா பூவனநாதனிடம் உமா கேட்டாளா? இல்லை. சென்னையில் இருக்கும் அண்ணன் முத்துசெல்வத்திடம்? அதுவும் இல்லை. அம்மா இறந்த பிறகு கம்பெனி மூன்று பேருக்கும் சமபங்கு. மூன்றில் இரண்டு பேர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். தன் ஒரு தலையை நம்பி உமா ஊருக்கே தலையாட்டியிருந்தாள்.

இன்று ஆயுத பூஜை.

விடிந்தும் விடியாமலும் கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்திவிட்டு நின்றாள் உமா. வானம் முழுக்க மேகம், ஆனால் ஒரு சொட்டு இல்லை. நாகலாபுரத்துப் பக்கமெல்லாம் புழுதியிலேயே உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், டிக்கியில் இருந்த பொரி மூட்டையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி நடந்தாள்.

சென்னை ரயில் வந்தது. முத்துசெல்வம் தோளில் ஒரே ஒரு பையோடு இறங்கி வந்தான்.

"அண்ணியும் பிள்ளைகளும் எங்க?"

"வரலை."

"ஏன்?"

"வண்டியை எடு. சொல்லுதேன்."

எட்டயபுரம் ரோடு திரும்பும் வரை அவன் சொல்லவில்லை. திரும்பியதும் சொன்னான். "எனக்கு வேலை போயி ஏழு மாசம் ஆச்சுட்டி."

உமா பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"நீ நல்லாத்தானண்ணே வேலை பாத்த?"

"நல்லாப் பாத்தவன், பாக்காதவன்னு பிரிச்சா வேலையை விட்டு எடுக்குதாவ? எங்க கம்பெனிக்கும்தான் வரி குறைஞ்சுது. அன்னைக்கு எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாங்க. இனிமே ஆள் எடுப்போம், சம்பளம் ஏறும்னாங்க. பங்கு வச்சிருந்தவனுக்கு அள்ளிக் கொடுத்தாங்க. எங்க டீம் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பினாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். "ஆனா பாரு, இங்கன நானும் பங்கு வச்சிருக்கவன்தானே?"

அவன் அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று உமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வருஷம் டிவிடெண்ட் போடணும், உமா. பத்து வருஷமா ஒரு பைசா எடுக்கலை. பங்குதாரர்னு பேரு மட்டும்தான்."

"அந்தப் பணத்தை நான் பொம்பளையாளுகளுக்குச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

உமா கியரை மாற்றினாள்.

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது, மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரும் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்கள். அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம். பெண்கள் நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். உமாவைப் பார்த்ததும் எல்லா முகமும் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் பொரி மூட்டையைத் தூக்குகிற சாக்கில் அவள் குனிந்துகொண்டாள்.

ஷெட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

பெண்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், நேற்றுவரை காலியாகக் கிடந்த மூலையில், ஒரு மிஷின் நின்றது. பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. நெற்றி மாதிரி இருந்த மேல் தகட்டில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை.

இந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை காலையில் ஷெட்டுக்குள் நிற்கிற எல்லாவற்றுக்கும் தங்கமாரிதான் பொட்டு வைப்பாள். குச்சிக்கு மருந்து முக்கும் மிஷின், தராசு, தள்ளுவண்டி, வாட்ச்மேன் கொம்பையாவின் சைக்கிள், எதையும் விடமாட்டாள். பொட்டு வாங்கிய பொருளை அடுத்த ஆயுத பூஜை வரை விற்கவோ திருப்பிக் கொடுக்கவோ கூடாது. உடைந்து போனாலும் மூலையில்தான் கிடக்கும். பழைய இரும்புக்காரன் வாசலில் வந்து கெஞ்சினாலும் பூவனநாதன் கொடுக்கமாட்டார்.

"வாங்க உமாம்மா," என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள் தங்கமாரி. ஐம்பது தாண்டியவள், ஆனாலும் ஆயுத பூஜை என்றால் இருபது வயசுக்காரி மாதிரி ஓடுவாள். "புதுசுலா? இம்புட்டு உயரம், கை எட்டவே இல்லை. பெஞ்சியப் போட்டு ஏறி நின்னு வச்சேன். நல்லா இருக்கா?"

உமா தலையை ஆட்டினாள்.

"இது என்னது, மருந்து முக்குத மிஷினா?"

"பெட்டி அடைக்குத மிஷின், தங்கமாரி." பின்னாலிருந்து பதில் வந்தது. பூவனநாதன் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். "நேத்துச் சாயங்காலம் லாரியில வந்துச்சு. உமா பூ வாங்கப் போயிருந்தா."

தங்கமாரி "அப்படியா மொதலாளி" என்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மிஷினின் நெற்றியில் வழிந்திருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சரி செய்தாள். பிறகு தராசுக்குப் பொட்டு வைக்கப் போனாள், பாதி ஷெட் இன்னும் பாக்கி இருந்தது.

தோரணம் கட்டிக்கொண்டிருந்த யோகலட்சுமிக்கு அப்படிப் போக முடியவில்லை. "பெட்டி அடைக்கதுக்கு நாங்க இருக்கோம்லா?" என்று கேட்டாள்.

பூவனநாதன் ஆபீஸ் ரூமுக்குள் போனார், பிள்ளைகள் இருவரும் பின்னால் போனார்கள்.

ஆபீஸ் ரூம் கதவைச் சாத்தியதும் உமா வெடித்தாள். "என்னப்பா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ ஷெட்டுல போயிச் சொன்னதை எங்கிட்டச் சொன்னியா?"

உமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பூவனநாதன் நாற்காலியில் சாய்ந்தார். எழுபதை எட்டப் போகிறார். இன்றைக்கும் காலையில் ஒரு குச்சியை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஒடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கன்னு மிஷின் விக்குத சிவகாசிக்காரன் அனுப்பினான். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிருவோம்னுதான் நானும் இருந்தேன். இப்பப் பொட்டு வச்சாச்சு. இனி எப்படி அனுப்பது?"

"தெரியாமத்தானப்பா வச்சுட்டாவ!"

"தெரிஞ்சு வச்சிருந்தா அது தங்கமாரி வச்சது. தெரியாம வச்சிருந்தா..." என்று சுவர்க் காலண்டரில் இருந்த அம்மன் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மன் ஆடிட்டரைக் கேட்டாளாப்பா?" என்றான் முத்துசெல்வம். "பழைய கணக்குலதான் புது மிஷின் வாங்கினா கூடுதல் சலுகை. அந்தச் சலுகையை விட்டுட்டுத்தான் குறைஞ்ச வரிக்கு வந்திருக்கோம். விட்ட பெறவு மிஷின் வாங்குதேங்கீங்களே!"

"சலுகைக்காகவால மிஷின் வாங்குதேன்? ஆள் இல்லாம வாங்குதேன்." கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன வருஷம் கூலியைக் கூட்டினோம். சித்திரை வரைக்கும் இருந்தாளுவ, பெறவு பாதிப் பேரு மில்லு வண்டியில ஏறிட்டாளுவ. இப்ப ஒரு மழை பெய்யட்டும், மிச்சம் பேரு களையெடுக்கப் போயிருவாளுவ. ஆர்டரை வச்சுக்கிட்டு நான் ஒருத்தனா உக்காந்து பெட்டி அடைக்கவா? மிஷின் களையெடுக்கப் போகாது."

"மில்லுக்காரன் கூடக் கொடுக்கான், போறாவ. நாமளும் அந்த அளவுக்குக் கொடுத்தா ஏன் போகப் போறாவ?" என்றாள் உமா. "இந்த வருஷம்தானப்பா அதுக்கு வழி வந்திருக்கு."

"வழி வந்தது கம்பெனிக்கு. கம்பெனி யாருது?" முத்துசெல்வம் மேஜையில் விரலால் தட்டினான். "லைட்டர் வந்து சரக்கெல்லாம் தேங்கின வருஷம் யாரு தாங்கினா? அம்மா நகையை வச்சுல்லா அப்பா கூலி போட்டாவ? நட்டம்னா நம்ம நட்டம், லாபம்னா ஊரு லாபமா?"

"அந்த வருஷம் பொம்பளையாளுக அரை நாள் வேலைக்கு வந்து அரைக் கூலி வாங்கிட்டுப் போனாவளே அண்ணே, அஞ்சாறு மாசம். அது நட்டம் இல்லாம என்னது?"

அது அண்ணனுக்கு ஞாபகம் இல்லை. அந்த வருஷம் அவன் சென்னையில் புதுச் சம்பளத்தில் இருந்தான்.

மேலே ஃபேன் சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை. மூன்று பேருக்கும் மூன்று திசை. மூன்றிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை. ஒருவராவது அயோக்கியராக இருந்திருந்தால் மற்ற இரண்டு பேரும் சுலபமாகக் கூடியிருப்பார்கள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "மொதலாளி, பூசாரி வந்துட்டாரு," என்றது கொம்பையாவின் குரல்.

பூவனநாதன் எழுந்தார். "பூஜை முடிஞ்சதும் சொல்லியாகணும். அண்ணனும் தங்கச்சியும் பேசிட்டு வாங்க. ரெண்டு பேரு ஒண்ணாச் சொன்னா நான் குறுக்க நிக்கலை."

குச்சி உலர்த்தும் களத்தில் இன்றைக்கு ஒன்றும் உலரவில்லை. சிமெண்டுத் தரையில் ஓரிடத்தில் நிற்க முடியாமல் முத்துசெல்வம் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் நடந்தான். உமா அவன் பின்னாலேயே நடந்தாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அண்ணனும் தங்கையும் ஓடிப் பிடித்து விளையாடுவது போலத் தோன்றியிருக்கும்.

"நான் அப்பா பக்கம் சாஞ்சா மிஷின். உன் பக்கம் சாஞ்சா கூலி. ரெண்டுலயும் எனக்கு ஒண்ணுமில்ல," என்றான் அவன்.

"அதுக்காக?"

"நீ டிவிடெண்டுன்னு சொல்லு. மிஷினுக்குப் பணம் இருக்காது. சிவகாசிக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிருவான். அந்தப் பொம்பளைகளுக்கு வேலையாவது நிக்கும்."

"கூலி?"

"அடுத்த வருஷம் பாப்போம்."

"நான் வாக்குக் கொடுத்திருக்கேண்ணே."

"நீ மாட்டேன்னா நான் அப்பா பக்கம்தான் போவேன். மிஷின் வந்தா அடுத்த வருஷமாவது லாபம் கூடும், எனக்கு ஏதாவது வரும். எனக்கு வேற வழி இல்லை." நின்றான். அவன் முகத்தைப் பார்க்க உமாவுக்குச் சகிக்கவில்லை. "பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டலை, உமா. ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அவ என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா. அதுதான் தாங்கலை."

உமாவுக்கு அழுகை முட்டியது. அண்ணனை நினைத்தா, யோகலட்சுமியை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. சின்ன வயசில் இதே களத்தில் குச்சி பொறுக்கியபோது விரலில் சிராய் ஏறினால் பல்லால் கடித்து எடுத்துவிட்ட அண்ணன் இவன். இவனிடம் என்ன சொல்லுவது?

கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூலி என்று பிடிவாதம் பிடித்தால் அப்பாவும் அண்ணனும் சேர்ந்து மிஷின். வேலையே போய்விடும். டிவிடெண்ட் என்றால் கூலி ஏறாது, வேலை நிற்கும். ஒன்றுமில்லாததற்கு வேலை மேல் இல்லையா? இல்லையா? இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

நடுவில், கூப்பிடாமலே, இன்னொன்றும் வந்து நின்றது. அவளுடைய வீட்டில் மேல்மாடி பாதியில் நிற்கிறது. கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் வாரா வாரம் வந்து அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். டிவிடெண்ட் வந்தால் தளம் போட்டுவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிய பிறகும் அது போகவில்லை.

"சரிண்ணே," என்றாள்.

"சரின்னா?"

"டிவிடெண்ட். ஆனா அவங்க யாரு வேலையும் போகக் கூடாது."

"போகாது. நான் சொல்லுதேம்லா?"

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

தீப்பெட்டி ஆபீஸில் கற்பூரம் ஷெட்டுக்குள் ஏற்றுவதில்லை. வாசலில் பூசாரி ஏற்றிக் காட்டினார். எல்லோரும் அங்கே போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள். பூசணிக்காய் உடைந்து சிதறியது. அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தது போல் பூவனநாதன் மகனையும் மகளையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்ன முடிவு?"

முத்துசெல்வம் சொன்னான். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை.

கிழவர் கோபப்படுவார் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டார். "சரி," என்றார். "மூணுல ரெண்டு. நான் சொன்னா சொன்னதுதான்."

உமாவுக்கு மூச்சு வந்தது.

"அப்ப எனக்கும் ஒரு பங்கு வரும்லா?"

"வரும்ப்பா," என்றான் முத்துசெல்வம்.

"அது என் சொந்தக் காசுலா? ஓட்டு, கீட்டு ஒண்ணும் கிடையாதுலா?"

"கிடையாது."

"நல்லது. அதை முன்பணமாக் கொடுத்துட்டு, மிச்சத்தைத் தவணையில கட்டி மிஷினை என் பேர்லயே வாங்கிக்கிடுதேன். ஆபீஸ்லயே நிக்கட்டும். கம்பெனி எனக்கு வாடகை கொடுத்தாப் போதும்."

முத்துசெல்வம் ஒரு நொடி அப்பாவையே பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். உமா பூசணிக்காய்ச் சிதறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டு, அவர் கையிலேயே மிஷினுக்குப் பணத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்பா, அந்த வாடகைக்கு யாரு சம்மதிக்கணும்..." என்று ஆரம்பித்தாள்.

"அதை நாளைக்குப் பேசுவோம். இப்ப அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ." பொரித் தட்டை எடுத்து மகள் கையில் வைத்தார். "நீ கொடுத்த வாக்கு. நீயே போயிச் சொல்லு."

ஷெட்டில் பெண்கள் வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு மடியில் பெட்டி இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள். உமா பொரித் தட்டோடு முன்னால் போய் நின்றாள். முத்துசெல்வம் கதவருகில் நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை.



"போனஸ் போன வருஷம் மாதிரியே உண்டு," என்று தொடங்கினாள். "சாயங்காலம் கொடுத்திருவோம். பெறவு, கூலி... கூலி இந்த வருஷம் கூட்ட முடியலை."

எங்கோ ஒரு குழந்தை பொரி கேட்டு அழுதது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

அடுத்ததாகச் சொல்ல ஒரு வரி வைத்திருந்தாள் உமா. யார் வேலையும் போகாது என்ற வரி. அதை நம்பித்தான் சம்மதித்தாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. கதவைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யோகலட்சுமி எழுந்து நின்றாள். "உமாக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"வரி குறைஞ்சது நெசந்தானா?"

"நெசம்."

"பணம் மிச்சமானதும் நெசந்தானே?"

"ஆமா."

"அப்ப இந்த மிஷினுக்குப் போயிட்டா?"

"இல்லை. கம்பெனி மிஷின் வாங்கலை." அது உண்மைதான். உண்மையைச் சொல்லி இவ்வளவு கூசியது உமாவுக்கு இதுதான் முதல் தடவை.

"பெறவு யாருக்குக்கா போச்சு?"

தங்கமாரி மகளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருட்டி. உமாம்மா நிக்குதாவ." யோகலட்சுமி உட்காரவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பவளைப் போல நின்று கேட்டாள்.

எத்தனையோ பதில் இருந்தது. கம்பெனிக்கு என்று சொல்லலாம். பங்குதாரர்களுக்கு என்று சொல்லலாம். ஆடிட்டரைக் கேளுங்கள் என்றுகூடச் சொல்லலாம். உமா தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்கு," என்றாள். "அப்பாவுக்கு. அண்ணனுக்கு. எனக்கும்தான்."

யோகலட்சுமி அவளையே பார்த்தாள். அவளைத் திட்டியிருந்தால் உமா அழுதிருப்பாள். அழுதால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். யோகலட்சுமி "சரிக்கா" என்றாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, யோகலட்சுமி பேசுதேன். தீப்பெட்டி ஆபீஸ். மில்லு வண்டியில இடம் இருக்கா?"

"நீதான் வரலைன்னியேம்மா?" என்றான் ஏஜென்ட். பின்னால் பூஜை மணி கேட்டது.

"இப்ப வாரேன். இன்னும் ஆள் இருக்கு."

"இருந்தா நாளைக்கே வண்டியை உங்க ஆபீஸ் வாசலுக்கே அனுப்புதேன். நாப்பது வயசுக்கு உள்ள இருக்கவங்க மட்டும். அதுக்கு மேல வேண்டாம், உள்ள விட மாட்டாங்க. எத்தனை பேரு?"

யோகலட்சுமி திரும்பினாள். "வாரவிய கையைத் தூக்குங்க."

பூவனநாதன் வாசலில் வந்து நின்றதை உமா பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது கோபமா, நான் சொன்னேன் பார் என்ற திருப்தியா என்று புரியவில்லை.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அதற்குப் பின்னால் இரண்டு. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக, நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்தது போல. கல்யாணமாகாத பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், போன மாதம்தான் சேர்ந்த ஒருத்தி. யோகலட்சுமி விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

எண்ணிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது.

தங்கமாரி கையைத் தூக்கியிருந்தாள். ஐம்பத்திரண்டு வயசு. ஏஜென்ட் சொன்னது காதில் விழாதவள் போல, மகளைப் பார்க்காமல், உமாவைப் பார்க்காமல், நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கியிருந்தாள்.

"எத்தனை பேருன்னு சொல்லும்மா," என்றது போன்.

யோகலட்சுமியின் உதடு அசைந்தது. எண் வரவில்லை.